மலை ஏறுமுன் மணியைப் பாருங்கள்

“காலையில வானம் தெளிவாத்தானே இருந்துச்சு?”

போன ஆண்டு கேமரன் மலையில், தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டே நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். பல்கலைக்கழக நண்பர்கள் பதினான்கு பேர். பயண ஏற்பாட்டாளர் நான். தானா ராத்தாவிலிருந்து கிளம்பும் காட்டுப் பாதை ஒன்றில் நுழைந்தபோது மணி பதினொன்று. காலை எட்டு மணிக்கே கிளம்பியிருக்கலாம். பசியாறவும் படம் எடுக்கவும் நேரம் போய்விட்டது. இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. போகும்போது தாண்டிக் குதித்த சிற்றோடை, திரும்பும்போது முழங்காலுக்கு மேல் ஓடியது. தண்ணீர் வடியும்வரை மூன்று மணி நேரம் நின்றோம். ஒரு தோழிக்கு உதடு வெளுத்து, பேச்சே குழறத் தொடங்கியது. தலைநகரில் இருந்து கிளம்பிய நாங்கள் யாரும் குளிருக்கான உடையைக் கொண்டுபோகவில்லை.

கைப்பேசியில் வானிலை பார்க்காமலா போனேன்? பார்த்தேன். மழைப் படம் இருந்தது. ஆனால் நம் நாட்டில் ஏழு நாளுக்கும் மழைப் படம்தானே இருக்கிறது! அதனால்தான் நம்மில் பலர் அதை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. என் கருத்தில், பிழை முன்னறிவிப்பில் இல்லை. அதை நாம் படிக்கும் விதத்தில் இருக்கிறது.

கைப்பேசியிலேயே வரும் செயலிகள் பலவும் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கும் கணினி மாதிரிகளை நம்பியவை. ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலம். சமவெளிக்கு அது போதும். மலையில் அந்த ஒரே கட்டத்துக்குள் பள்ளத்தாக்கும் வரும், முகடும் வரும். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குனோங் பிரிஞ்சாங் உச்சியோ 2,000 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நனைந்த சட்டையோடு நின்று பார்த்தால்தான் அந்தக் கணக்கு புரிகிறது.

ரிங்லெட்டில் இருக்கும் என் தாய்மாமா அன்றிரவு தொலைபேசியில் சிரித்தார். “அந்தக் காலை வெயிலுதான் மாப்ள மழையக் கூட்டிட்டு வருது.” அவர் வானிலையியல் படித்தவரல்லர். ஆனால் சொன்னது சரி. காலை வெயில் மலைச்சரிவைச் சூடாக்குகிறது. சரிவை ஒட்டிய காற்று சூடாகி, காட்டின் ஈரத்தோடு மேலே ஏறுகிறது. நண்பகலுக்குள் மேகம் திரண்டு, பிற்பகலில் கொட்டுகிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபரை ஒட்டிய வாரங்களில் இது இன்னும் பலமாக இருக்கும்.

எந்தச் சரிவில் கொட்டும் என்று முதல் நாளே சொல்ல எந்தக் கணினியாலும் முடியாது. எந்த நேரத்தில் என்பதை ஓரளவு சொல்லலாம். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தன் முன்னறிவிப்பைக் காலை, பிற்பகல், இரவு என்று பிரித்தே தருகிறது. இடிமழை எச்சரிக்கைகளோ ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாதவை. அதாவது, நேற்றிரவு பார்த்துவிட்டுத் தூங்கியதில் பயனில்லை. காட்டுக்குள் நுழையுமுன் எச்சரிக்கையையும் ரேடார் படத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். உள்ளே போனால் கைப்பேசிக்கு அலைவரிசையே கிடைக்காது.

இன்றைய மழை மட்டுமல்ல, கடந்த வாரத்து மழையும் கணக்கில் வரும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். தொடர் மழையில் ஊறிய சரிவு, மழை ஓய்ந்த பிறகும் சரியலாம். செயலியில் இன்று சூரியப் படம் இருக்கிறதே என்பது அங்கே பதிலாகாது.

நம் மாணவர் கழகங்கள் பயணத்துக்கென்று பொருளாளர், உணவுப் பொறுப்பாளர், டி-சட்டைப் பொறுப்பாளர் வரை நியமிக்கின்றன. வானிலைக்கு ஒருவரும் இல்லை. “திரும்பலாம்” என்று சொல்லும் அதிகாரமும் எவரிடமும் இல்லை. பேருந்துக்குக் கட்டிய பணம்தான் முடிவெடுக்கிறது. அன்று என்னையும் அதுதான் உள்ளே தள்ளியது.

அடுத்த மாதம் மீண்டும் போகிறோம். காலை ஏழுக்கு நடை தொடக்கம், பன்னிரண்டுக்குள் கீழே. விடுமுறையில் யார் ஐந்தரைக்கு எழுவது என்று குழுவில் இப்போதே முணுமுணுப்பு. பட்டியலில் இதுவரை இரண்டு பேர் பெயரை எடுத்துவிட்டார்கள். உதடு வெளுத்த அந்தத் தோழி மட்டும் முதல் ஆளாகப் பணம் கட்டிவிட்டார்.