இயந்திரப் படிப்பு பெண்பிள்ளைக்கு எதற்கு?

சென்ற மாதம் படுவான்கரைக் கிராமமொன்றில் ஒரு தாயைச் சந்தித்தேன். 2007ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது கணவரை இழந்தவர். இடியப்பம் அவித்து விற்றும் வயற்கூலிக்குப் போயும் மகளைப் படிப்பித்தவர். மகள் பேராதனையில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டாள். இப்போது முதுமாணிப் பட்டமும் படிக்க வேண்டும் என்கிறாள்.

"தங்கச்சி, நாலு வருசம் படிச்சது காணாதா? சீட்டுக்காசை வீடு கட்டவெண்டு வைச்சிருக்கன். வீடு இல்லாட்டி ஆரு வந்து கலியாணம் முடிக்கிற? மிசின் படிப்பு ஆம்பிளையளுக்குத்தானே" என்றார் தாய்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க" என்றாள் மகள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. எமது பகுதியில் வீடு என்பது தாய் மகளுக்குக் கொடுக்கும் பாதுகாப்பு. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்த பின்னரும், காணியும் வீடும் தம் பெயரில் இருந்த பெண்கள் ஓரளவு நிமிர்ந்து நின்றதை எனது வேலையில் கண்டிருக்கிறேன். அந்தத் தாயின் பயத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

ஆனால் 'ஆம்பிளைப் படிப்பு' என்ற கதையை ஏற்க முடியவில்லை. "உங்கட வோட்டர் பம் நின்டா ஆரு கழட்டிப் பூட்டுற?" என்று கேட்டேன். "நான்தான்" என்று சிரித்தார்.

பிறகு மூன்று பெண்களைப் பற்றிச் சொன்னேன். சென்னையில் லலிதா 1937இல் கணவரை இழந்தபோது அவருக்கு வயது 18. கையில் நான்கு மாதக் குழந்தை. மூலையில் இருத்தப்பட வேண்டிய அந்த விதவை, கிண்டி பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் படித்து, இந்தியாவின் முதல் பெண் பொறியியலாளர்களில் ஒருவரானார். வங்காளத்தின் இலா கோஷ், சிப்பூர் பொறியியற் கல்லூரியில் 1951இல் பட்டம் பெற்று, இந்தியாவின் முதலாவது பெண் இயந்திரப் பொறியியலாளரானார். கிளாஸ்கோவில் மேற்பயிற்சியும் பெற்றார். எமது நாட்டின் முதலாவது பெண் பொறியியலாளரும் ஒரு தமிழ்ப் பெண்தான். பிரேமளா சிவசேகரம் 1964இல் பட்டம் பெற்று, மேற்படிப்புக்கு ஒக்ஸ்போர்ட் சென்றார்.

தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதுக்குக் காசு?" என்றார். இதுதான் சரியான கேள்வி. முதற்பட்டம் வரை அரச பல்கலைக்கழகத்தில் கல்வி இலவசம். அதன் பின் அப்படியல்ல. பாடநெறிவழி முதுமாணிக்குக் கட்டணம் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகவும் படிக்கலாம். ஆய்வுவழி முதுமாணி வேறு. நிதியுள்ள ஆய்வுத் திட்டமொன்றில் உதவியாளராகச் சேர்ந்தால் மாதக் கொடுப்பனவு கிடைக்கும். பல இடங்களில் கட்டணத்தையும் அந்த நிதியே ஏற்கும். விண்ணப்பிக்கும் முன்னரே விரிவுரையாளருக்கு எழுதி இடமுண்டா என்று கேட்க வேண்டும். சீட்டுக்காசில் கைவைக்கத் தேவையில்லை.

மகளிடம் என்ன ஆய்வு செய்வாய் என்று கேட்டேன். உமியை எரித்து வரும் வெப்பத்தில் நெல்லைக் காயவைக்கும் இயந்திரம் பற்றி என்றாள். மாரிமழையில் நெல் முளைவிட்டு, அறாவிலைக்கு விற்ற கதை தெரிந்த அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்தார். மகளின் படிப்பு என்னவென்று அவருக்கு அன்றுதான் விளங்கியது. அதுவரை எவரும் அவருக்குச் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது என் நினைவும் குறுக்கிடுகிறது. சமூகவியலில் பட்டம் பெற்றபின் முதுமாணிக்கு விண்ணப்பம் நிரப்பினேன். வீட்டில் கேட்கப் பயந்து அதை அனுப்பாமலே விட்டேன். வேண்டாமென்று அம்மா ஒருநாளும் சொல்லவில்லை. நான்தான் கேட்கவேயில்லை.

அந்த மகள் மூன்று விரிவுரையாளர்களுக்கு எழுதியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. "வீடு ஓடியா போகப்போகுது, வரட்டும் பாப்பம்" என்கிறார் தாய்.

சகோதரிகளே, உங்கள் மகள் உயர்தரத்தில் கணிதம் எடுக்க விரும்பினாலும், பட்டத்துக்கு மேல் படிக்க விரும்பினாலும், வேண்டாம் என்று சொல்லும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ படிக்கிறது என்ன மகள்?"