கணக்குக் கேட்கக் கையெழுத்தா?

வாரமெல்லாம் வியர்வை சிந்திய தொழிலாளி, சனிக்கிழமை மாலை கூலி வாங்குகிறான். வாங்கியதை அப்படியே மடியில் முடிந்துகொள்கிறானா? இல்லை. ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்க்கிறான். கொடுத்தவர்மீது பகையா? பகையல்ல, எண்ணிப் பார்ப்பது அவன் உரிமை! ஒருவன் கூலிக்கே இத்தனை விழிப்பு என்றால், ஊரார் செலுத்தும் வரிப்பணத்துக்கு எத்தனை விழிப்பு வேண்டும்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எழுந்த கேள்வி இது. அங்கே சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். மேலவையில் 40 பேர், கீழவையில் 80 பேர். ஆளுநரோ, நம் நாட்டு ஆளுநரைப் போல நியமனம் பெற்று வருபவர் அல்லர். மக்கள் வாக்கால் வருபவர், ஆட்சியை நடத்துபவர். வரவு செலவுத் திட்டத்தைத் தீட்டுபவரும் அவரே. அவர் தீட்டிய திட்டத்துக்கு அவருடைய அலுவலரே விளக்கம் சொல்ல, அவை கைதூக்க வேண்டும். தேர்வு எழுதியவனே விடைத்தாளையும் திருத்துவதா?

தனக்கெனத் தனிக் கணக்காய்வாளர் வேண்டுமெனச் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் கல்பர்ட் ஓல்சன் ஒப்புதல் தர மறுத்தார். சட்டமன்றம் சோர்ந்ததா? இல்லை! சட்டத்துக்குத்தானே ஆளுநரின் கையெழுத்து வேண்டும்? அவைகள் தம் வேலையை நடத்த வகுத்துக்கொள்ளும் விதிக்கு யார் கையெழுத்து வேண்டும்? 1941-ல் இரு அவைகளும் தங்கள் கூட்டு விதிகளின் வழியே கூட்டு வரவு செலவுக் குழுவை அமைத்தன. கணக்காய்வாளரை அமர்த்தும் பொறுப்பை அந்தக் குழுவிடம் தந்தன. கேட்டுக் கிடைக்காத உரிமை, தம் கையிலேயே இருந்ததைக் கண்டுகொண்டன!

"ஆளுநரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்தாமே, அவர்மீது ஏன் ஐயம்?" என்பார் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்தது அவரை மட்டுமா? அந்த 120 பேரையும் அல்லவா! "குழுவுக்கும் அலுவலகத்துக்கும் வீண் செலவு" என்பாரும் உண்டு. களத்துமேட்டுக் காவலுக்குக் கூலி தர மறுத்தவன், நெல்லை இழந்த பிறகு கணக்குப் பார்த்து என்ன பயன்?

1942-ல் ஓல்சன் தேர்தலில் தோற்றார்; ஏர்ல் வாரன் வந்தார். ஆளுநர் மாறினார், குழு நிலைத்தது. இன்றும் அதில் மேலவையினர் 8 பேர், கீழவையினர் 8 பேர். ஜனவரி 10-க்குள் ஆளுநர் திட்டத்தை அளிக்க வேண்டும். ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும். இடைப்பட்ட ஐந்து திங்களில், கட்சிச் சார்பற்ற சட்டமன்ற ஆய்வாளர் துறைதுறையாக அலசி, ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே அறிக்கையைத் தருகிறார்.

ஆய்வாளருக்கு வாக்கு இல்லை. விளக்கேற்றுவது அவர் வேலை. வழி நடப்பது உறுப்பினர் வேலை. உறுப்பினர் உறங்கினால், அறிக்கை வெறும் காகிதம். அவர்களை உறங்கவிடாமல் தட்டி எழுப்ப வேண்டியவர் யார்? வரி கொடுப்பவர்தாம், தோழர்களே! கூலியை எண்ணத் தெரிந்த கைக்குக் கருவூலத்தை எண்ணவும் தெரியும்.