அலறும் மெஷின், சத்தமில்லாத திருத்தம்

இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான விஷயம். மரம் அறுக்கும் மெஷின், அதாவது செயின்சா. நம்மூரில் வர்தா (2016), கஜா (2018) புயல்களுக்குப் பிறகு ரோட்டில் விழுந்து கிடந்த மரங்களைத் துண்டு போட்டவர்கள் கையில் அலறிக்கொண்டிருந்ததே, அதுதான். நமக்கு அது புயல் நேரத்து விருந்தாளி. ஸ்வீடன், ஜெர்மனி, கனடா, அமெரிக்கா மாதிரி மரம் வெட்டுவதே பெரிய தொழிலாக இருக்கும் நாடுகளில் அது உழவனுக்கு ஏர் போல. மெஷின் ஓடினால்தான் அன்றைக்குக் கூலி.

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் நடுவே ரொம்ப நாளாக ஓடும் ஒரு சந்தேகம் உண்டு. புது மாடல் ஒன்று சந்தைக்கு வந்து சொதப்பினால், கம்பெனி அதை உள்ளுக்குள்ளேயே சரிசெய்து, யாரிடமும் சொல்லாமல், அதே பெயரில் தொடர்ந்து விற்கிறதா?

என்னைக் கேட்டால், ஆமாம், விற்கிறது. சரிசெய்வதில் ஒரு தப்பும் இல்லை, இன்னும் வேகமாகவே செய்யட்டும். ஆனால் வாய் திறக்காமல் செய்வது முதலில் வாங்கியவனுக்குச் செய்யும் துரோகம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் மெக்கானிக்கல்

(போரடித்தால் அடுத்த தலைப்புக்குத் தாவிவிடலாம்!)

பெட்ரோல் செயின்சாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். நம்ம யமஹா ஆர்எக்ஸ் 100-ல் இருந்தது மாதிரிதான். எடை குறைவு, சக்தி அதிகம், தலைகீழாகப் பிடித்தாலும் ஓடும். ஆனால் ஒரு பிறவிக் குறை உண்டு. எரிந்த புகை வெளியே போகும் வழி திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. அதில் கணிசமான பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாகத் தப்பித்துவிடும். காசும் வீண், காற்றும் நாசம்.

2000-க்குப் பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த மாதிரி சின்ன எஞ்சின்களுக்கான புகை விதிகள் இறுகின. கம்பெனிகள் ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டுபிடித்தன. பெட்ரோல் கலவைக்கு முன்னால் வெறும் காற்றை ஓர் அடுக்காக அனுப்புவது. அந்தக் காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போகும். தப்பித்துப் போவது பெட்ரோலுக்குப் பதில் காற்றாக இருக்கும். ஹஸ்க்வர்னா இதற்கு எக்ஸ்-டார்க் என்று பெயர் வைத்தது, ஸ்டில் 2-மிக்ஸ் என்று வைத்தது. எரிபொருள் 20% வரை மிச்சம் என்று விளம்பரமும் வந்தது.

நல்ல விஷயம்தான். ஆனால் பழைய எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்று பல வருட அனுபவம் இருந்தது. புதியதற்கு அது இல்லை. கலவையில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் சூடாகும், ஆக்சிலேட்டர் அழுத்தியதும் பாய்வதில் தயக்கம் வரும். முன்பெல்லாம் மெக்கானிக் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்துவிடுவார். புகை விதிகள் வந்தபின் அந்தத் திருகாணிகளை ஓரளவுக்கு மேல் திருப்ப முடியாதபடி மூடி போட்டார்கள். அடுத்த கட்டமாகத் திருகாணியே இல்லாமல், ஒரு குட்டிக் கம்ப்யூட்டரே கலவையை முடிவு செய்யும் கார்புரேட்டர் வந்தது (ஹஸ்க்வர்னாவில் ஆட்டோடியூன், ஸ்டில்லில் எம்-ட்ரானிக்). ஆக, மெஷின் சொதப்பினால் சரிசெய்யும் அதிகாரம் மெக்கானிக் கையிலிருந்து கம்பெனி கைக்குப் போய்விட்டது. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மெஷின்களின் கதை

ஸ்டில் எம்எஸ் 200 டி என்று ஒரு மெஷின். 35.2 சிசி. மரத்தின் மேல் கயிற்றில் தொங்கிக்கொண்டு கிளை வெட்டுபவர்களுக்காகவே செய்தது, பிடி மேலே இருக்கும். உலகம் முழுக்க மரமேறிகள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். புகை விதிகள் இறுகியபோது அதற்குப் பதிலாக எம்எஸ் 201 டி வந்தது. அதே 35.2 சிசி. ஆனால் பலருக்கு அது பிடிக்கவில்லை. அழுத்தியதும் பாயவில்லை, இழுவை வந்தால் திணறுகிறது என்றார்கள். தரையில் நிற்பவனுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். இருபது முப்பது அடி உயரத்தில் கயிற்றை நம்பி நிற்பவனுக்கு, கிளை சாய ஆரம்பிக்கும் நொடியில் மெஷின் திணறினால் சங்கிலி மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும். அது விளையாட்டு இல்லை. பழைய 200 டி செகண்ட் ஹேண்டில் கிடைத்தாலே போதும் என்று தேடி அலைந்தவர்கள் நிறையப் பேர்.

பிறகு கார்புரேட்டர் மாறியது. அதன் பின் எம்-ட்ரானிக் வைத்த 201 டி சி-எம் என்ற புது வடிவம் வந்தது, குறை பெருமளவு தீர்ந்தது. சி-எம் என்பது பெயரிலேயே தெரிகிறது, அது நேர்மையான மாற்றம். அதற்கு முன்னால் அதே 201 டி என்ற பெயருக்குள்ளேயே நடந்த மாற்றம்தான் நம் கேள்விக்குரியது. கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டி இருந்தால் எதில் பழைய கார்புரேட்டர், எதில் புதியது என்று வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது கதை ஹஸ்க்வர்னா 550 எக்ஸ்பி. 50.1 சிசி, 2.8 கிலோவாட், ஆட்டோடியூன். 2010-ஐ ஒட்டி வந்தது. ஓடும்போது அருமையான மெஷின் என்று திட்டுகிறவர்கள்கூட ஒத்துக்கொள்வார்கள். பிரச்சினை நிறுத்தும்போதுதான். நன்றாக வேலை வாங்கிய சூட்டில் பெட்ரோல் ஊற்ற நிறுத்திவிட்டு, சில நிமிடம் கழித்து இழுத்தால் பல மெஷின்கள் ஸ்டார்ட் ஆகவில்லை. காரணம் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. எஞ்சின் நின்றால் விசிறியும் நின்றுவிடும். சிலிண்டரில் இருக்கும் சூடு மெதுவாகக் கார்புரேட்டருக்குப் பரவி, உள்ளே இருக்கும் பெட்ரோலை ஆவியாக்கிவிடும். ஒரு நாளைக்குப் பல தடவை பெட்ரோல் ஊற்றி வேலை செய்பவனை நினைத்துப் பாருங்கள்.

இதற்கும் திருத்தங்கள் வந்தன. சில, உதிரிபாக மாற்றம். சில, டீலர் கடையில் கம்ப்யூட்டரோடு இணைத்து ஏற்றும் புது சாஃப்ட்வேர். கடைசியில் 2010-களின் முடிவில் மார்க் 2 என்ற புது மாடலே வந்தது. அதே 50.1 சிசி, 3.0 கிலோவாட். மறுபடியும் பாருங்கள், மார்க் 2 என்பது வெளிப்படையான மாற்றம். நடுவில் வந்த திருத்தங்கள் டீலரிடம் போய்க் கேட்டவனுக்கு மட்டும் கிடைத்தன. கேட்கத் தெரியாதவன் தனக்குத்தான் மெஷின் ஸ்டார்ட் பண்ணத் தெரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

தடயம் எங்கே இருக்கிறது?

கம்பெனி சொல்லாவிட்டாலும் தடயம் விட்டுத்தான் போகிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் உதிரிபாகப் பட்டியல் உண்டு. அதில் ஒரு பாகத்தின் எண் வெட்டப்பட்டு, "இதற்குப் பதில் இது" என்று புது எண் வந்திருக்கும். அல்லது "இந்த சீரியல் நம்பரிலிருந்து" என்று ஒரு குறிப்பு இருக்கும். டீலர்களுக்குத் தனியாகச் சுற்றறிக்கைகள் போகும். அதில் குறை, காரணம், தீர்வு எல்லாம் விலாவாரியாக இருக்கும். அதாவது தகவல் இல்லாமல் இல்லை. காசு கொடுத்தவனுக்கு மட்டும் அது போவதில்லை.

கம்பெனி பக்க நியாயம்

அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை.

ஒன்று, எந்தத் தொழிற்சாலையிலும் வருடம் முழுக்கச் சின்னச் சின்ன மாற்றங்கள் நடந்துகொண்டேதான் இருக்கும். ஒரு ரப்பர் வாஷரின் கலவையை மாற்றினால் அதற்கெல்லாம் தண்டோரா போட முடியுமா? முடியாது. இரண்டு, பரிசோதனைக் கூடத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ஆயிரக்கணக்கான பேர் வெயிலிலும் பனியிலும், எத்தனால் கலந்த பெட்ரோலிலும் ஓட்டும்போதுதான் சில குறைகள் தலைகாட்டும். இதுவும் உண்மை. மூன்று, "மாற்றினோம் என்று சொன்னால், பழையது மோசம் என்று நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், கோர்ட்டுக்கு இழுப்பார்கள்".

இந்த மூன்றாவதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் அது அவ்வளவு வலுவான காரணம் இல்லை. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் சாட்சிய விதிகளில் 407-வது விதி என்ன சொல்கிறது தெரியுமா? விபத்துக்குப் பிறகு ஒருவர் செய்த திருத்தத்தைக் காட்டி, "பார், முன்பு இருந்தது குறைபாடுள்ள பொருள்" என்று நிரூபிக்க முடியாது. திருத்தினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து யாரும் திருத்தாமல் இருந்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் சட்டம் இந்தப் பயத்தை ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறது. மிச்சம் இருப்பது கௌரவப் பயமும், இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டி வருமோ என்ற செலவுப் பயமும்தான்.

மௌனம் எங்கே கொண்டுபோய் விடும்?

கார் உலகத்திலிருந்து ஓர் உதாரணம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற கார்களில் சாவி போடும் ஸ்விட்ச் தேவையான அளவு இறுக்கமாக இல்லை. முழங்கால் பட்டாலோ, கனமான சாவிக்கொத்து ஆடினாலோ, ஓடுகிற வண்டியில் சாவி திரும்பி எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் நின்றால் ஏர்பேகும் விரியாது. 2006-ல் கம்பெனிக்குள் அந்த ஸ்விட்ச் மாற்றப்பட்டது. ஸ்ப்ரிங் இருக்கும் பாகம் நீளமானது, இறுக்கம் கூடியது. ஆனால் பார்ட் நம்பர் மாற்றப்படவில்லை! அதனால் பழைய வண்டிகள் ஏன் விபத்துக்குள்ளாகின்றன, புதியவை ஏன் ஆகவில்லை என்று ஆராய்ந்தவர்களுக்குக் காரணமே பிடிபடவில்லை. காகிதத்தில் இரண்டும் ஒரே ஸ்விட்ச். கடைசியில் உயிரிழந்த ஒரு பெண்ணின் குடும்பம் போட்ட வழக்குக்காக, ஒரு பொறியாளர் அதே எண்ணில் புது ஸ்விட்ச் ஒன்றை வாங்கிப் பிரித்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. 2014-ல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015-ல் 90 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

செயின்சா கார்புரேட்டரையும் இதையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஒன்று சக்திக் குறைவு, மற்றது உயிர்ச்சேதம். ஆனால் பழக்கம் ஒன்றுதான். பொருளை மாற்று, பெயரை மாற்றாதே, வாங்கியவனிடம் சொல்லாதே. சின்ன விஷயத்தில் பழகிய கை பெரிய விஷயத்திலும் அதையே செய்யும்.

இன்னொன்றும் இருக்கிறது. மெஷின் மேம்படுவதும் வெளியே தெரியாது, செலவு மிச்சம் பிடிக்க மட்டமான பாகம் போட்டாலும் வெளியே தெரியாது. இரண்டும் ஒரே இருட்டில்தான் நடக்கிறது. அப்புறம் "எங்களை நம்புங்கள்" என்றால் எதை வைத்து நம்புவது? நல்லது செய்த கம்பெனிக்குக்கூட அந்த நல்ல பெயர் கிடைக்காமல் போகிறது. அந்த மாடல் முதலில் வாங்கிய கெட்ட பெயரே நிலைத்துவிடுகிறது. மௌனத்தால் அவர்களுக்கும் நஷ்டம்தான்.

என்ன செய்யலாம்?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஆபத்தான குறை என்றால் அமெரிக்காவில் ஏற்கெனவே விதி உண்டு. நுகர்வோர் பொருட்களில் அப்படி ஒன்று தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு ஆணையத்திடம் சொல்ல வேண்டும். கார்களுக்கு இன்னும் ஒரு படி மேலே. டீலர்களுக்குக் கம்பெனி அனுப்பும் குறை பற்றிய சுற்றறிக்கைகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று 2012-ல் சட்டமே போட்டார்கள். கார் கம்பெனிகள் அதனால் அழிந்துவிடவில்லை. அதே ஏற்பாடு தொழில்முறைக் கருவிகளுக்கும் வரட்டும்.

நான் கேட்பது மூன்றே விஷயம். எந்த சீரியல் நம்பரிலிருந்து எது மாறியது என்று எல்லோரும் பார்க்கும்படி ஒரு பட்டியல். வாஷர் சமாச்சாரம் வேண்டாம், மெஷின் ஓடும் விதத்தை மாற்றும் திருத்தங்கள் மட்டும் போதும். அடுத்து, வேறு பொருள் என்றால் வேறு எண். கடைசியாக, அறிமுகக் காலத்தில் முழு விலை கொடுத்து வாங்கியவனுக்கு, வாரண்டி முடிந்திருந்தாலும் அந்தத் திருத்தத்தை இலவசமாகச் செய்து கொடுப்பது. குறையைக் கண்டுபிடித்துச் சொன்னதே அவன்தானே! கம்பெனியின் சோதனைக் கூடத்தில் சம்பளம் வாங்காமல், தன் கூலியை இழந்து வேலை பார்த்திருக்கிறான்.

அதுவரைக்கும் வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. செயின்சாவோ வேறு எந்த மெஷினோ, புது மாடல் வந்த உடனே ஓடாதீர்கள். ஒரு வருடம் பொறுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சீரியல் நம்பரை எழுதிக்கொண்டு டீலரிடம் போய், "இந்த எண்ணுக்கு ஏதாவது திருத்தம் வந்திருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பல நேரம் பதில் அவர் மேஜை டிராயரிலேயே இருக்கும் :-)

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.