சான்றிதழில் இடம்பெறாத பெயர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., ஊட்டச்சத்தும் உணவியலும்)

செப்டம்பர் ஐந்தாம் நாள் வந்துவிட்டால் நம் கல்லூரி களைகட்டிவிடுகிறது. பேராசிரியப் பெருமக்களுக்கு மலர் கொடுக்கிறோம். மேடை போட்டுக் கவிதை வாசிக்கிறோம். துறைக்குத் துறை இனிப்பு வழங்குகிறோம். இது முறையே, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த மேடையில் ஒரு நாற்காலி குறைகிறது என்பது என் எண்ணம். அதை இம்மலரின் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

உணவியல் படிப்பு பாதி வகுப்பறையிலும், பாதி மருத்துவமனையிலும் நடக்கிறது. செய்முறைப் பயிற்சி என்று நம்மை அனுப்பிவிடுகிறார்கள். அங்கே நம்மை ஏற்றுக்கொண்டு, வார்டு வார்டாக அழைத்துச் சென்று, எழுதியதைத் திருத்தி, முடிவில் பதிவேட்டில் கையொப்பமிடுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் நம் கல்லூரியின் ஊழியர் அல்லர். பல்கலைக்கழகம் அவருக்கு ஊதியம் தருவதில்லை. அவர் ஒரு மருத்துவமனையின் உணவியல் நிபுணர். அவருடைய வேலை நோயாளிகளுக்கு உணவு வகுப்பது. கற்பிப்பது, அவ்வேலைக்கு நடுவே அவர் தம் நேரத்தைக் கிள்ளிக் கொடுக்கும் கொடை.

அந்தக் கொடையின் மதிப்பு எனக்கு விளங்கியது பயிற்சியின் ஐந்தாம் நாளில். சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் உணவுத் திட்டம் எழுதச் சொன்னார்கள். கலோரி, புரதம், உப்பு எல்லாம் கணக்குப் போட்டு அழகாகக் கோடு கிழித்து எழுதினேன். கோடைக்காலம் ஆயிற்றே என்று பதினோரு மணிக்கு ‘இளநீர் 1’ என்றும் சேர்த்தேன். மேடம் அதைப் பார்த்தார். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை.

“இளநீரில் அதிகமாக இருப்பது எது?”

“பொட்டாசியம், மேடம்.” சொல்லும்போதே எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

“அவருக்கு இன்றைக்கு எவ்வளவு?”

கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். 5.8 என்றிருந்தது. 5ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்று நான்தான் முதல் நாள் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்.

“ரொம்பக் கூடிப்போனால் எது நிற்கும்?”

இதயம். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும் என்பதைப் பெரியவரின் மனைவிக்குப் புரியும்படி சொல்லிவிட்டு வா என்று என்னையே அனுப்பினார். தவறு செய்தவளிடமே திருத்தும் வேலையையும் ஒப்படைத்தது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. இதற்கெல்லாம் அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் சமையற்கூடத்து இண்டெண்ட் அவர் மேசையில் காத்துக் கிடந்தது. பால், ரொட்டி, முட்டைக் கணக்கை எல்லாம் முடித்து அவர் டிபன் பாக்ஸைத் திறந்தபோது மணி மூன்றரை.

கள்ளக்குறிச்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2024 ஜூன் மாதம்தான் நினைவுக்கு வருகிறது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 65க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அது நாடெங்கும் செய்தியாயிற்று. மதுவால் ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, ஒருவர்பின் ஒருவராக மருத்துவமனைக்கு வந்து படுப்பவர்கள் செய்தியாவதில்லை. அப்படி வந்த ஒருவருக்குப் பழைய குறிப்பொன்றைப் பார்த்துப் புரதத்தைப் பாதியாகக் குறைத்து எழுதினாள் என் தோழி. இன்றைய மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை, தசை உருகிக் கிடப்பவருக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும், இரவு படுக்குமுன் ஒரு சிற்றுணவும் வேண்டும் என்று விளக்கியவரும் அதே மேடம்தான். நாங்கள் கையில் வைத்திருந்த நூல் எங்களுக்கு முன் படித்தவர்கள் விட்டுச்சென்றது. நூல் பழையதாகிவிடும், வார்டில் நிற்பவர் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இனி மலைக்கு வருகிறேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலைப் பக்கம் சமுதாய ஊட்டச்சத்துப் பயிற்சிக்குச் சென்றோம். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர். இரத்தச்சோகை பற்றிய அட்டைகளைச் சுமந்து சென்றிருந்தோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் 53 பேர். இந்த எண்கள் எனக்கு மனப்பாடம். ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்று மாதுளை, பேரீச்சை, ஈரல் என்று ஒப்பித்தேன்.

உடன் வந்த அங்கன்வாடி அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, “பாப்பா, மாதுளை கிலோ என்ன வெலைன்னு தெரியுமா? அத வாங்கப் போற பஸ்ஸு எத்தன மணிக்கு வரும்னு தெரியுமா?” என்றார். தெரியாது. “அந்த வூட்ல என்ன இருக்குன்னு மொதல்ல பாரு. அதுக்கப்புறம் பேசு” என்றார்.

போய்ப் பார்த்தேன். பானையில் சாமை இருந்தது. கேழ்வரகு இருந்தது. கொல்லையில் முருங்கை நின்றது. திண்ணையில் ஒரு முறத்தில் நெல்லிக்காய். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம், அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை என்று தேர்வில் எழுதியவள் நான். அந்தக் கேழ்வரகைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு மாதுளையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அக்கா இன்னொன்றையும் காட்டினார். அந்தப் பெண் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். தேநீரில் உள்ள டானின் இரும்பை உடலில் சேரவிடாது என்பது எங்கள் பாடத்தில் நான்கு மதிப்பெண் வினா. அந்த வினாவின் விடை எந்தத் தம்ளரில் இருக்கிறது என்று காட்ட ஓர் அங்கன்வாடி அக்கா தேவைப்பட்டார்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் வந்தது. அதில் மேடத்தின் கையொப்பம் ஒரு மூலையில் இருக்கிறது. அக்காவின் பெயர் எங்கும் இல்லை.

பள்ளி ஆசிரியர்களுக்கு டாக்டர் இராதாகிருஷ்ணன் பெயரால் மாநில அரசு விருது வழங்குகிறது. செவிலியர்களுக்கு 1973 முதல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் தேசிய விருது உண்டு. நம் துறையிலும் மேலே இருப்பவர்கள் போற்றப்படாமல் இல்லை. கோவை அவினாசிலிங்கம் கல்லூரியை வளர்த்த ராஜம்மாள் பி. தேவதாஸ் அம்மையார் 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். அமெரிக்காவிலோ பயிற்சி மாணவர்களை வழிநடத்தும் உணவியலாளர்களுக்கென்றே அவர்களுடைய தொழில்முறைச் சங்கம் தனி விருது வைத்திருக்கிறது. இங்கே 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் உணவியலாளரைப் பெயர் சொல்லி ஒரு தொழிலினராக ஏற்றுக்கொண்டது. தொழிலை ஏற்றுக்கொண்ட பிறகு, அத்தொழிலைக் கைமாற்றிக் கொடுப்பவரை ஏற்றுக்கொள்ள என்ன தயக்கம்?

“சம்பளம் வாங்குகிறார்கள், கடமையைச் செய்கிறார்கள்” என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். எல்லாரும் செய்கிறார்களா என்று அவரையே கேட்கிறேன். வேறோர் இடத்திற்குப் பயிற்சிக்குச் சென்ற சிலர் இருபது நாளும் பழைய பதிவேடுகளைப் படியெடுத்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சான்றிதழ் அவர்களுக்கும் கிடைத்தது. அதுவும் எங்கள் சான்றிதழும் ஒரே மாதிரி. கற்பித்தவருக்கும் கற்பிக்காதவருக்கும் வேறுபாடு தெரியாத இடத்தில் கற்பித்தவருக்கு அநியாயம் நடக்கிறது என்றுதான் கொள்ளவேண்டும்.

ஆனால் சிறப்புச் செய்வது என்றவுடன் நமக்குத் தோன்றுவது பொன்னாடையும் சுவர்க் கடிகாரமுந்தான். இதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. பயிற்சியின் கடைசி நாளில் ஆளுக்கு இருநூறு ரூபாய் வசூலித்துப் பரிசு வாங்கிக் கொடுக்கும் வழக்கம் மாணவரிடையே இருக்கிறது. என் வீட்டில் இருநூறு ரூபாய் என்பது மரவள்ளிக் காட்டில் என் தந்தை நண்பகல்வரை நின்றதன் கூலி. மறுக்கவும் முடியாது; அகமதிப்பெண் அவர்கள் கையில் அல்லவா இருக்கிறது! மதிப்பெண் போடுமுன் கொடுக்கும் பரிசுக்கு மரியாதை என்று பெயரில்லை. எங்கள் மேடம் அன்று அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே திருப்பித் தந்து, “ஆளாளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க” என்றார். எனக்கு அவர்மேல் இருந்த மதிப்பு அன்றுதான் முழுமையாயிற்று. இந்த வசூலைத் துறையே தடைசெய்யவேண்டும். பாராட்டு எதுவாயினும் மதிப்பெண் பட்டியல் அனுப்பிய பிறகு, கல்லூரியின் பெயரால், மாணவர் செலவின்றி நடக்கவேண்டும்.

செலவில்லாமல் என்ன செய்ய முடியும்? முதல்வர் கையொப்பமிட்ட ஒரு கடிதம். அதை வழிகாட்டியவருக்கு மட்டுமன்றி அவருடைய மேலதிகாரிக்கும் அனுப்பவேண்டும். எத்தனை மாணவர், எத்தனை நாள், என்ன கற்றார்கள் என்று எழுதவேண்டும். அரசுப் பணியாளருக்கு அக்கடிதம் கடிகாரத்தைவிட நெடுநாள் ஓடும். இன்னொன்று, ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவர்களை நம் வகுப்பறைக்கு அழைத்துப் பேசவைத்தல். பேருந்துக் கட்டணத்தையும் மதிப்பூதியத்தையும் கல்லூரி தரட்டும். அங்கன்வாடி அக்காவும் அந்த வரிசையில் வரவேண்டும். பட்டம் இல்லை என்று யாரும் முகம் சுளிக்கலாகாது. என் தாய் ஐந்தாம் வகுப்பு. பட்டத்திற்கும் அறிவுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும்.

மாணவர்களாகிய நமக்கும் பங்குண்டு. பயிற்சிக்கு மணி பத்தரைக்குப் போய்ச் சேர்ந்து, கடைசி வாரத்தில் ஒரே மூச்சில் பதிவேடு எழுதி, “மேடம், ஒரு சைன்” என்று கதவருகே நிற்கும் பழக்கத்தை நாம்தானே வளர்த்திருக்கிறோம்? நம்மில் சிலரைப் பார்த்துத்தான் சில வழிகாட்டிகள் மனம் கசந்து, பதிவேடு படியெடுக்கும் வேலையோடு நிறுத்திக்கொண்டார்களோ என்றும் ஐயுறுகிறேன்.

இம்மலரில் விளையாட்டு வீரர்களின் படம் உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் படம் உண்டு. செய்முறைப் பயிற்சி தந்தவர்களின் பெயர்களுக்கு ஒரு பக்கம், வேண்டாம், அரைப் பக்கம் ஒதுக்கித் தரவேண்டும் என்று துறைத்தலைவரிடம் மனு கொடுத்தேன். “சரிம்மா, பெயர்களை எழுதிக் கொடு” என்றார்கள். எழுத உட்கார்ந்தேன். மேடத்தின் பெயரையும் பட்டத்தையும் சான்றிதழைப் பார்த்து எழுதிவிட்டேன். அடுத்த வரியில் பேனா நின்றுவிட்டது. பதினைந்து நாள் அக்கா, அக்கா என்று அழைத்தேனேயன்றி, அவருடைய முழுப்பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. வரும் சனிக்கிழமை காலைப் பேருந்தில் வெள்ளிமலைக்குப் போகிறேன்.