ஊர்ச் சரித்திரமும் இணையமும்

நாட்டுச் சரித்திரம் என்றவுடனே பாண்டியரும் நாயக்கரும் நம் நினைவிற்கு வருகின்றனர். கிணறு வெட்டினோரும் சந்தை கூட்டினோரும் வருகின்றிலர். அன்னோர் செய்தி கணக்கேடுகளிலும் முதியோர் வாய்மொழியிலும் கிடந்து மடிகின்றது. குஜிலியம்பாறையில் ஒரு வீட்டாரது மூன்று தலைமுறைக் கணக்கேடுகள் பழந்தாள் வியாபாரியின் தராசில் ஏறியதை யாம் கண்டோம். கிடைத்த விலை ஒரு வேளைக் காய்கறிக்கும் போதவில்லை.

இவற்றைக் காக்கும் வழி இல்லாமலில்லை. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், அன்பர் பலரது ஊதியமில்லா உழைப்பால் பழந்தமிழ் நூல்களை உலகோர்க்கு இலவசமாக வழங்கி வருகின்றது. தமிழக அரசு 2001இல் நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயருடன் மின்னூலகம் ஒன்றை நடத்துகின்றது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. இலங்கைத் தமிழர் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் தளமோ, நூல்களோடு செய்தித்தாள்களையும் சிறு வெளியீடுகளையும் சேர்த்துக் காக்கின்றது.

அவ்வாறே நம் மாநிலத்திற்கும் ஊர்தோறும் ஓர் ஏடு கொண்ட பொதுச் சரித்திரக் களஞ்சியம் இணையத்தில் அமைதல் வேண்டும் என்பது எம் துணிபு. திண்டுக்கல் மாவட்டம் மதுரையினின்றும் பிரிந்தது 1985இல். ஆதலின் எம்மூரின் பழஞ்செய்தியை நாடுவோர் மதுரைப் பதிவுகளிலும் தேடி அலைதல் வேண்டும். ஊர்ப்பெயரின்கீழ் யாவும் ஒருங்கே கிடைப்பின் அவ்வலைச்சல் ஒழியும். மேலும், நிலமுடையார் பெயர் கணக்கில் ஏறிற்று. அந்நிலத்தில் கூலிக்கு உழுதார் பெயர் ஏறவில்லை. அவர்தம் வாய்மொழியைப் பதியாதொழியின் சரித்திரம் பாதியாகவே நிற்கும்.

யாவரும் எழுதலாமெனின் பொய்யும் புகுமே என்பர் சிலர். மெய்யே. ஆதலின் ஒவ்வொரு செய்திக்கும் சொன்னவர் யார், சொன்ன நாள் யாது, கண்டதோ கேட்டதோ என்பன குறிக்கப்படல் வேண்டும். சொன்னவர் இசைவும் பெறல் வேண்டும். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடவாத நூலை உரியவர் இசைவின்றி ஏற்றுதலும் தகாது. சான்றற்ற பெருமையினும் சான்றுள்ள எளிய செய்தியே மேலானது.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லுங்கால் முதியவர் ஒருவரது சொல்லைக் கைப்பேசியிற் பதிந்து வாருங்கள். பழங்காகிதம் ஒன்றையேனும் படம்பிடித்து வாருங்கள். களஞ்சியம் அமையும்வரை அவற்றை நம் கல்லூரி நூல்நிலையம் காத்துவைப்பதாக. பழைய மாணவர்களும் தத்தம் வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்ப்பாராக. அரசு முந்துமோ நாம் முந்துவோமோ அறியோம்; வியாபாரியின் தராசு மட்டும் எவருக்காகவும் காத்திராது.