அடுக்களையைத் திருத்துமுன்



பழைய வீடுகளின் அடுக்களையை இடித்துப் புதுப்பிக்கும் வழக்கம் இன்று ஊர்தோறும் பெருகியிருக்கிறது. இதனை ஆடம்பரம் என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. ஒளி புகாத மூலையும், தரையில் குந்தி ஊதும் விறகடுப்பும் எத்தனையோ தாய்மாரின் கண்களையும் முதுகையும் கெடுத்திருக்கின்றன. வீட்டு அடுப்புகளின் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. திருத்தம் தேவைதான்.

ஆயினும், யாரைக் கேட்டுத் திருத்துகிறோம்? வீடு மந்திரிக்க அழைக்கப்படும் இடங்களில் நாம் காண்பது இது: கல்லின் நிறத்தைக் குடும்பத் தலைவர் தேர்ந்திருப்பார், மேடையின் உயரத்தைக் கொத்தனார் முடிவு செய்திருப்பார், நாள்தோறும் அங்கே நிற்க வேண்டிய தாயோ, எல்லாம் முடிந்தபின் வந்து பார்த்திருப்பார்.

1926ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்கென மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண்மணி ஓர் அடுக்களையை வடிவமைத்தார். அகலம் 2 மீட்டருக்கும் குறைவு. நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். இரயில் வண்டியின் சமையற் பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டு, எந்த வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும், எவ்வளவு நேரம் செல்லும் என்று கணக்கிட்டே அடுப்பையும் தொட்டியையும் அலமாரியையும் அவர் அமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் இடம்பெற்ற அந்த அடுக்களையே இன்றைய ‘மாடுலர்’ அடுக்களைக்கு முன்னோடி. ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யக்கூடிய ஒடுக்கமே அதன் குறை. மாமியும் மருமகளும் சேர்ந்து சமைக்கும் நம் இல்லங்களுக்கு இன்னும் சற்று இடம் வேண்டும். ஆனால் வேலையை அளந்த பிறகே அறையை அமைக்க வேண்டும் என்ற பாடம் எங்கும் பொருந்தும்.

ஆகவே சில குறிப்புகள். மேடை, சமைப்பவரின் முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருத்தல் நலம். அடுப்பு வைக்கும் பகுதி, அடுப்பின் உயரத்தையும் எண்ணி, இன்னும் சற்றுத் தாழ்ந்திருக்கலாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். எனவே சிலிண்டரை அழகுக்காக மூடிய அலமாரிக்குள் அடைத்துவிடலாகாது; தரைமட்டத்தில் காற்றுப்போக்கு இருக்கவேண்டும். வெந்நீருக்கென விறகடுப்பையும் வைத்துக்கொள்வோர் அதன்மேல் புகைபோக்கி அமைக்கத் தவறக்கூடாது.

கையில் உள்ள பணம் சிறிதாயின், முதலில் சன்னலும் புகைபோக்கியும்; அடுத்து மேடையும் நீர் வடியும் வழியும்; பளபளக்கும் கல்லும் கதவுகளும் அதன் பின்னரே. சுவரில் ஓடு பதிப்பதற்காக வட்டிக்கு வாங்கி, பிள்ளைகளின் படிப்புப் பணத்தில் கைவைக்கும் குடும்பத்தில், புது அடுக்களையில் சமைத்த சோறும் மனநிறைவோடு உண்ணப்படுவதில்லை.

குடும்பத் தலைவர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. கொத்தனாரை அழைக்குமுன், ஒரு நாள் மூன்று வேளைச் சமையலையும் நீங்களே செய்து பாருங்கள். எங்கே குனிய நேர்ந்தது, எங்கே கண் எரிந்தது, எதற்காகப் பத்து முறை நடந்தீர்கள் என்பது அன்று மாலைக்குள் விளங்கிவிடும். அதன்பின் இல்லத்தரசியின் சொல்லைக் கேட்பது உங்களுக்குக் கடினமாக இராது.