அடல் சுரங்கப்பாதை 2020-லேயே திறந்தாச்சு... மணாலி–லே சாலை குளிர்காலத்தில் இன்னும் மூடப்படுவது ஏன்?

லடாக் பைக் ட்ரிப் பற்றி நண்பர்கள் குழுவில் பேச்சு எழுந்தால், கூடவே ஒரு கேள்வியும் வரும்: "ரோடு எப்போ திறக்கும்?" நமக்கு அது லீவு போடும் தேதி. லடாக்கில் வாழ்பவர்களுக்கு அதுவே காய்கறியின் விலை, பெட்ரோல் இருப்பு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா முடியாதா என்பதற்கான பதில்.

அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-ல் திறக்கப்பட்டது. இமாச்சலின் ரோதாங் கணவாய்க்கு அடியில் 9.02 கி.மீ. நீளம். மணாலி–லே தூரத்தில் 46 கி.மீ. குறைந்தது. "இனி வருஷம் முழுக்க லடாக் போகலாம்" என்று அப்போது நிறைய பேர் நினைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மணாலி–லே சாலை மூடப்படுகிறது. ஏன்?

ஒரு பூட்டைத் திறந்தால் போதுமா?

ஒரே கதவில் நான்கு பூட்டுகள். ஒன்றைத் திறந்தாச்சு. கதவு திறக்குமா? மணாலி–லே சாலையின் கதை இதுதான்.

ரோதாங் கணவாய் சுமார் 13,000 அடி உயரம். அதைத் தாண்டிய பிறகு பாரலாச்சா லா, லாச்சுங் லா, தங்லங் லா என்று இன்னும் பெரிய கணவாய்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே 16,000 அடியை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பவை. அவற்றுக்கு அடியில் சுரங்கம் கிடையாது. அங்கே பனி விழுந்தால் சாலை அவ்வளவுதான்.

அப்படியென்றால் அடல் சுரங்கம் வீணா? இல்லவே இல்லை. முன்பு குளிர்காலத்தில் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்த லாஹௌல் பள்ளத்தாக்கு மக்கள், இப்போது பெரும்பாலான நாட்களில் மணாலிக்கு வந்து போகிறார்கள். உண்மையான பலன் அவர்களுக்குக் கிடைத்தது. லடாக்குக்கு அது முதல் படி மட்டுமே.

ஶ்ரீநகர் வழி என்ன ஆச்சு?

லடாக்குக்கு இன்னொரு வாசல் ஶ்ரீநகர்–லே நெடுஞ்சாலை. இதில் சிக்கல் கொடுப்பது சோஜிலா கணவாய். உயரம் சுமார் 11,500 அடி, அதாவது ரோதாங்கைவிடக் குறைவு. ஆனாலும் தொல்லை அதிகம். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று காஷ்மீர் பக்கமே பனியைக் கொட்டிவிடுகிறது. லடாக் பக்கம் கிட்டத்தட்ட வறண்ட பாலைவனம். பனி கொட்டும் அந்தச் சரிவில்தான் சாலை ஏறுகிறது.

ஒரு காலத்தில் சோஜிலா ஐந்தாறு மாதம் மூடிக் கிடக்கும். எல்லைச் சாலைகள் அமைப்பு இயந்திரங்களை இறக்கிப் பனியை அள்ளுவதால் அந்த இடைவெளி சுருங்கியிருக்கிறது. 2023-ல் 68 நாள், 2024-ல் 35 நாள், 2025-ல் 32 நாள். பெரிய சாதனைதான்.

ஆனால் 'திறந்திருக்கு' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். பனியை அகற்றிய புதிதில் பெரும்பாலும் ஒருவழிப் போக்குவரத்துதான். டயரில் சங்கிலி கட்டிய வண்டிகளுக்கும் நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கும்தான் அனுமதி என்ற கட்டுப்பாடும் வரும். பனிச்சரிவு வந்தால் மறுபடி மூடல். ராணுவ வண்டி வரிசை போவதற்கு அது போதும். பிரசவ வலியில் இருக்கும் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பும் குடும்பத்துக்கு அது போதாது.

இதற்கான பதில்தான் சோஜிலா சுரங்கப்பாதை: சுமார் 13 கி.மீ., பால்தாலிலிருந்து மினாமர்க் வரை. முதல் வெடி 2020 அக்டோபரில். 2026-க்குள் முடிப்பதாகச் சொன்ன கெடு பிறகு 2028-க்குத் தள்ளிப்போனது. அதற்கு முன்னால் வரும் 6.5 கி.மீ. சோனமர்க் சுரங்கம் 2025 ஜனவரி 13-ல் திறக்கப்பட்டது.

மூன்றாவது வழி ஏன் முக்கியம்?

அதிகம் பேசப்படாத பாதை இது: நிம்மு–பதும்–தார்ச்சா, 298 கி.மீ. ஜான்ஸ்கார் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் இந்தச் சாலை 2024 மார்ச்சில் முழுசாக இணைக்கப்பட்டது. இதில் கடக்க வேண்டிய கணவாய் ஒன்றே ஒன்று, ஷிங்கு லா. அதற்கு அடியில் 15,800 அடி உயரத்தில் 4.1 கி.மீ. இரட்டைச் சுரங்கம் தோண்டும் பணி 2024 ஜூலை 26-ல் தொடங்கியது. மதிப்பீடு 1,681 கோடி ரூபாய்.

பூட்டுக் கணக்குக்கு வருவோம். இங்கே மிச்சம் இருப்பது ஒரே பூட்டு. அதனால் நீளத்தில் சிறியதாக இருந்தாலும், லடாக்கை வருஷம் முழுக்க இணைக்கும் வாய்ப்பு ஷிங்கு லாவுக்கு நிறைய. உறைந்த ஜான்ஸ்கார் ஆற்றின் மேல் நடந்து போவதை ஒரு சாகசமாக நாம் வீடியோவில் பார்த்திருப்போம். 'சாதர்' என்ற அந்த நடை, ஜான்ஸ்கார் மக்களுக்குக் குளிர்காலத்தில் வெளியே வர இருந்த வழி.

ஃப்ளைட் இருக்கே?

இருக்கு. ஆனால் லே விமான நிலையம் 10,600 அடிக்கு மேல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. வெயில் ஏற ஏற இன்னும் குறையும், விமானம் எடையைக் குறைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதனால் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே வந்து போய்விடும். 2024 ஜூலை கடைசியில் வெப்பம் கூடியதாலேயே பல விமானங்கள் ரத்தாயின. கார்கிலில் குளிர்காலத்தில் சிக்கிக்கொள்பவர்களை விமானப்படையின் ஏஎன்-32 விமானங்கள் ஏற்றிச் செல்கின்றன. அரிசியையும் டீசலையும் ஒரு ஊருக்கே விமானத்தில் கொண்டுபோக முடியாது. கோடையிலேயே வாங்கிச் சேர்த்தாக வேண்டும்.

யாருக்காக இந்தச் சாலை?

இந்த வேகத்துக்குக் காரணம் எல்லை. 1999 கார்கில் போரில் ஶ்ரீநகர்–லே சாலை எதிரியின் குறியில் இருந்தது. 2020 கல்வானில் 20 வீரர்கள் உயிரிழந்தார்கள். ஒரு சாலையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது புரிந்தது.

விலையும் உண்டு. 2024 அக்டோபரில் சோனமர்க் சுரங்கம் அருகே ககன்கிரில் நடந்த தாக்குதலில் கட்டுமானத் தொழிலாளர்களும் ஒரு மருத்துவருமாக 7 பேர் கொல்லப்பட்டார்கள். உத்தராகண்டின் சில்க்யாராவில் 2023 நவம்பரில் 41 பேர் 17 நாள் உள்ளே சிக்கியிருந்தார்கள். இமயமலை இளம் மலை. பாறை எங்கே இறுகியிருக்கும், எங்கே உதிரும் என்பது தோண்டும்போதுதான் முழுசாகத் தெரியும். கெடு தள்ளிப்போவதற்கெல்லாம் சோம்பல் மட்டுமே காரணம் இல்லை. அவசரப்படுத்தினால் பாதிக்கப்படுவது உள்ளே வேலை செய்பவர்தான்.

அடுத்த முறை "உலகின் உயரமான சுரங்கப்பாதை" என்ற தலைப்பு உங்கள் போனில் வரும்போது, உயரத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வழியில் சுரங்கம் இல்லாத கணவாய் இன்னும் எத்தனை? போன குளிர்காலத்தில் சாலை எத்தனை நாள் மூடியிருந்தது? இரண்டாவது எண் பூஜ்யம் ஆகும் வருஷத்தில்தான் லடாக்குக்கு உண்மையில் ரோடு வந்திருக்கும்.